எழுபதாயிரம் புள்ளி

நாணயங்களின் மாசின்மைக்கு எழுபது புள்ளிவரை தந்த பழைய அளவுகோல் எழுபதாயிரமாக மாறிய நாளிலிருந்து, பாளையங்கோட்டையில் சிவசைலத்தின் வீட்டில் யாரும் கடுகு தாளிப்பதில்லை. காற்றில் எண்ணெய்ப் பசையோ ஈரமோ துளி ஏறினாலும், கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த வெள்ளி நாணயம் புள்ளி இழந்தது. இழந்த புள்ளி திரும்புவதில்லை.

அன்று மாலை நாலு மணிக்குச் நாணயச் சேகரிப்பாளர் சங்கம் அந்த நாணயத்தின் புள்ளியை நிரந்தரமாகப் பதியப்போகிறது. மூன்று மணிவரை பெட்டியின் மேல் 69,990 என்று எரிந்த எண், சட்டென்று 69,989 ஆயிற்று.

"கோமு! ஜன்னலத் தொறந்தியாட்டி?"

"இல்லியே," என்றாள் மனைவி கோமதி, உள்ளறையிலிருந்து.

"ஈரத்துணி எதும் கெடக்கா?"

"இல்ல."

69,988.

 சிவசைலம் ஈரம் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனார். சமையலறையில் முள் அசையவில்லை. உள்ளறை வாசலில் துள்ளியது. கோமதி தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். உறை தொப்பலாக நனைந்திருந்தது.

"அழுதியா? இன்னைக்குப் போயா? கூறு இருக்கா ஒனக்கு?"

"எங்க அண்ணன் காலையிலயே தவறிட்டாவ. நாலு மணி கழியட்டும், பொறவு சொல்லுவோம்னுதான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்."

கல்யாணத்தன்று அந்த நாணயத்தை அவர் கையில் வைத்து அழுத்தியவர் அந்த மச்சான்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார் சிவசைலம். பெட்டியின் முன்னால் நின்றபோது அவருக்கும் கண் நிறைந்தது. அது வழியுமுன், பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.