ஒட்டாத மாவு

மெக்சிகோவிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்கு வந்த மரிசோல் சுட்ட மக்காச்சோள ரொட்டி இன்றும் நொறுங்கியது.

"எங்க ஊர்ல சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவைப்போம். அப்பதான் மாவு ஒட்டும். லாங் பஜார் ஃபுல்லா சுத்திட்டேன். சமையலுக்குச் சுண்ணாம்புன்னா சிரிக்கிறாங்க!" கற்றுக்கொண்ட தமிழில் பொரிந்து தள்ளினாள்.

வீட்டுச் சொந்தக்காரர் ஹபீப் பதறினார். "இன்னாம்மா இது? டேனரியில தோல்லேர்ந்து முடி எடுக்கப் போடுறது. வயிறு இன்னா ஆவும்?"

அவர் மனைவி ஜஹீதா சீறினாள். "பேஜார் பண்ணாத. அதைப் போய் மனுஷன் திம்பானா?"

சீறிய வேகத்தில் டப்பாவைத் திறந்து, வெற்றிலையில் வெள்ளையாகத் தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் திணித்துக்கொண்டாள்.

மரிசோல் டப்பாவை எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இது இன்னா?"

"சுண்ணாம்பு" என்றாள் ஜஹீதா.

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.