மெடல் சிஸ்டர்

நர்ஸின் காலரில் குத்தியிருந்த மெடலைத்தான் பஸ் ஓட்டுநர் முதலில் பார்த்தார். முகத்தைப் பிறகுதான்.

கட்டைவிரல் நகமளவு இருக்கும். வெள்ளி நிறத்தில் விரிந்த ஒரு கை. ஆஸ்பத்திரியிலேயே சிறந்த நர்ஸ் என்று ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. இந்த முறை அது இந்த வார்டுக்கு வந்திருக்கிற சேதி கட்டில் கட்டிலாகத் தாவி, கடைசிக் கட்டிலில் கிடந்த அவரையும் எட்டியிருந்தது.

"ஓ, அது நீங்கதானா சிஸ்டர்?"

நேற்று அவள் 'பாப்பா'. "போ பாப்பா! வயித்தைக் கிழிச்சுத் தெச்சு வெச்சிருக்கு, நடக்கச் சொல்ல வந்துட்ட" என்று விரட்டியவர் இவர்தான்.

"முதல்ல எந்திரிங்க ஐயா. மத்ததை நடந்துக்கிட்டே பேசலாம்."

அவர் எழுந்தே ஆகவேண்டும். படுத்தே கிடக்கிற காலில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்ததில் ஒரு துணுக்கு கழன்று நுரையீரலில் போய் அடைத்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

அப்படிப் போன ஒருவரை அவள் பார்த்திருக்கிறாள். அவரும் நாளைக்கு நடக்கிறேன் என்றுதான் சொன்னார்.

"ஊரையே ஏத்தி இறக்கின மனுஷன். இப்ப இவரை இறக்க ஒரு ஆள் வேணுங்குது" என்றாள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த மனைவி.

ஓட்டுநர் முறைத்தார்.

"ஐயா, வண்டியை எடுக்காமலே ஷெட்டுல போட்டா என்ன ஆகும்?"

"பேட்டரி படுத்துடும்." தெரிந்த கேள்வி வந்ததும் அவர் குரலுக்கே உயிர் வந்தது. "டயர் ஒரே பக்கமா அமுங்கிடும்."

"ரத்தத்தைக் காலுக்கு அனுப்புறது இதயம். அங்கிருந்து மேல ஏத்துறது யாரு?" அவருடைய கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினாள். "இந்தச் சதைதான். நீங்க ஒரு அடி வெச்சா, இது ஒரு பிழி பிழியும். ரத்தம் மேல ஏறும். குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. மேல் பக்கம் மட்டும்தான் திறக்கும். ஏறுனது இறங்காது. நீங்க படுத்தே கிடந்தா பம்பு நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

நேற்றும் இதையேதான் சொன்னாள். ஒரு சொல் மாறவில்லை. நேற்று காற்றில் போனது, இன்று காதில் ஏறியது.

மெடலுக்காகத்தான் காது திறந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளும் நேற்றுபோல் இல்லை. காலரில் அந்தச் சின்ன எடை ஏறியதும் முதுகு தானாக நிமிர்ந்திருந்தது.

"சரி, எந்திரிக்கிறேன். வலிச்சா உங்களைத்தான் திட்டுவேன்."

"தாராளமா."

ஒரு தலையணையை அவர் வயிற்றோடு அணைத்துக் கொடுத்தாள். தையலுக்கு வெளியிலிருந்து ஒரு கை தாங்கல் அது. ஒருக்களிக்கச் சொன்னாள். முழங்காலை மடக்கிக் காலைக் கீழே விடச் சொன்னாள். கால் இறங்கும் பாரமே உடம்பைத் தூக்கிவிடும், வயிறு வேலை செய்ய வேண்டியதில்லை.

உட்கார்ந்தார். தலை சுற்றியது. அவசரப்படுத்தவில்லை அவள். ரத்தம் தலைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதுவரை அவர் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

பிறகு ஓட்டுநர் நின்றார்.

மனைவி மூத்திரப் பையைத் தாழ்த்திப் பிடித்தபடி கூடவே எழுந்தாள். எதிர்க் கட்டில்காரர் கையைத் தட்டி, "போலாம் ரைட்!" என்றார்.

வார்டே சிரித்தது. ஓட்டுநருக்கும் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. தலையணையை இறுக்கிக்கொண்டு, "சிரிக்க வைக்காதய்யா, செத்துருவேன்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு அடி வைத்தார். இன்னொன்று. கெண்டைக்கால் பிழிந்தது. கதவுகள் திறந்து மூடின.

ஜன்னல் வந்தது.

கீழே ஒரு பஸ் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்தார்.

"எப்படி ஒடிக்கிறான் பாரு. பின்னாடி நிக்கிறவன் எல்லாம் விழுவான்."

அவர் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்ட ஆரம்பித்துவிட்டார், இனிப் பயமில்லை.

திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்ததும், "சாயந்திரம் இன்னொரு ட்ரிப் அடிக்கலாம்" என்று அவராகவே சொன்னார். பிறகு காலரைப் பார்த்து, "இதை உங்களுக்குக் குடுத்தது சரிதான் சிஸ்டர்."

அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

வார்டு வாசலில் அக்கா கையை நீட்டியபடி நின்றிருந்தாள். அவளைவிட மூத்த நர்ஸ்.

"ஆச்சா? எட்டாம் கட்டில்காரர் ஊசியே வேணாம்னு போர்வைக்குள்ள பூந்துட்டாரு. வெறும் ஆளாப் போனா மசியமாட்டாரு."

அவள் மெடலைக் கழற்றினாள். "அக்கா, இதை எனக்குக் குடுத்தது சரிதான்னு ஐயா சொல்லிட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"சரியாத்தானே சொல்லியிருக்காரு? நடக்க வெச்சது யாரு?"

அக்கா மெடலை வாங்கி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகிற எதையும் துடைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். முன்பக்கத்துக் கையைத் துடைத்தாள். திருப்பி, பின்பக்கம் பொறித்திருந்த தன் பெயரையும் துடைத்தாள்.

"சீக்கிரம் திருப்பிக் குடுத்துடுங்கக்கா. சாயந்திரம் எனக்கு வேணும்."

"தந்துடறேன், தந்துடறேன்" என்று காலரில் குத்திக்கொண்டே அக்கா எட்டாம் கட்டிலுக்கு ஓடினாள்.