கடைசி வரியின் நான்கு எழுத்துகள்

'ஜூன் 3. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். தும்பிக்கு நான்கு எழுத்துகள் சொல்லிக்கொடுத்தேன்.'

இரண்டு மாதம் முன்பு எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்து, 'சின்ன' என்பதை மட்டும் அடித்தான் நோட்டு. எதையும் எழுதிவைக்கிற பழக்கத்தால், விமானிப் பயிற்சி வகுப்பில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அந்த நான்கு எழுத்துகள்தான் கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி. அதைப் படிக்காவிட்டால் பயிற்சியில் இடம் இல்லை. அன்று வகுப்புத் தோழி தும்பி அதைப் படிக்க முடியாமல் திருதிருவென்று விழித்தாள். டாக்டர் குனிந்து எழுதிய நேரம் பார்த்து, வரிசையில் பின்னால் நின்ற இவன் முணுமுணுத்துவிட்டான்.

இன்று அவள் முதல்முறையாகத் தனியாகப் பறக்கப்போகிறாள்.

"பறக்கப்போறது நான். நீ ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" இறக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பயிற்சி விமானத்தை இரண்டு மாதமாக வாரம் தவறாமல் அவள்தான் கழுவுகிறாள். 'அப்பதான் அது என்கிட்ட பழகும்' என்பாள். சோப்புத் தண்ணீர் பட்டு விரல் நுனியெல்லாம் தோலுரிந்திருந்தது.

"தும்பி... இன்னிக்கு வேணாமே."

"ஏன், வயித்தெரிச்சலா?"

சிரித்தபடி ஏறி உட்கார்ந்தாள். ஏறினால் மட்டும் போடுகிற அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இந்த ஸ்டைல் ஒன்றுதான் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டான்.

விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்தது. சொன்னால் அவள் ஆசை போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவாள்.

வாக்கிடாக்கியோடு நின்ற பயிற்சியாளரிடம் ஓடினான்.

"மேடம், நிறுத்தச் சொல்லுங்க! அவளுக்குத் தூரத்துல இருக்கிறது சரியாத் தெரியாது. கண் டெஸ்ட்ல நான்தான் சொல்லிக்கொடுத்தேன்!"

அவர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். வாக்கிடாக்கி வாயருகே போகவே இல்லை. விமானம் தரையை விட்டு எழும்பியது.

ஒரே ஒரு வட்டம். நோட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பூ உதிர்வதுபோல அது வந்து இறங்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அவ போட்டிருக்கிறது பவர் கண்ணாடி. டெஸ்ட் முடிஞ்ச மறுநாளே எங்கிட்ட வந்து அழுதா. டாக்டர் திரும்பவும் பார்த்துட்டு, கண்ணாடி போட்டா தாராளமாப் பறக்கலாம்னுட்டார்."

நோட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ஏமாத்தினது ஏமாத்தினதுதானே? ஒரு மாசம் விமானம் கழுவுன்னேன்."

"ரெண்டு மாசமாக் கழுவுறாளே, மேடம்?"

"சொல்லிக்கொடுத்தது யாருன்னு கேட்டேன். வாயே திறக்கல. ரெண்டாவது மாசம் அதுக்கு."

தூரத்தில் தும்பி இறங்கி, தோலுரிந்த கையை உயர்த்தி ஆட்டினாள்.

நோட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான்: 'ஆகஸ்ட் 4. நாளை காலை ஆறு மணி: வாளி, சோப்பு, துணி. விமானம் கழுவ வேண்டும்.'