பலகைக்கு வந்த வெயில்

தோட்டத்துப் பலாமர நிழலில் வருஷம் முழுக்கப் பச்சையாக நின்றது ஒரு காட்டுச்செடி. ஊரிலேயே அது ஒன்றுதான் என்பதால் பக்கத்தில் தகரப் பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். நிழல் இருட்டில் பலகையை வாசிக்க முடியவில்லை என்று வருகிறவர்கள் குறை சொன்னதும், தோட்டக்காரர் பலாக்கிளைகளை வெட்டிச் சாய்த்தார். ஒரே வாரத்தில் செடியின் இலைகள் கருகின.

செடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி, என் நிழல் போச்சே, உனக்கு உறைக்கலையா?" என்று பலகையிடம் சீறியது.

"இப்பத்தான் என் முகமே வெளியே தெரியுது. கத்தாதே, ஆள் வர்றாங்க" என்றது பலகை.

வந்தவர் சத்தமாக வாசித்தார்: "அரிய செடி. நிழலில் மட்டுமே வளரும்."

"அருமையா எழுதியிருக்காங்க" என்று மெச்சிக்கொண்டே, பலகையைப் படம் எடுக்க இடைஞ்சலாக இருந்த கருகிய கிளையை ஒடித்து வீசினார்.