மேற்கே நல்ல மழை

"வண்டிய எடுலே பாக்கர்! காஞ்சு கெடக்குற ஆத்தப் பாத்து எதுக்கு நிக்கிற?"

வேனின் முன்சீட்டிலிருந்து சேதுபதி கத்தினார். டிரைவர் பாக்கரோ தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, காதில் செல்போனோடு தயங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, யாரோ ஒரு அம்மா பேசுறாக. ஆத்துத் தண்ணிய அளக்குற ஆபீஸாம். பாலத்துல எறங்காதீகன்னு சொல்றாக."

சேதுபதி மாப்பிள்ளையின் தாய்மாமன். சூரத்தில் கடை வைத்திருப்பவர், கல்யாணத்துக்கென்று முந்தாநாள்தான் ஊர் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையும் வீட்டாரும் நேற்றே இராமநாதபுரத்து மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். குலதெய்வத்தின் காலடியில் வைத்த தாலியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த சொந்தங்களையும் கூட்டி வரும் பொறுப்பை அக்கா தம்பியிடம்தான் கொடுத்திருந்தாள். அந்தப் பெருமை அவருக்குத் தலைகொள்ளவில்லை. வழியில் டீ குடித்த கடைக்காரரிடம்கூட, "தாலி எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

போனைப் பிடுங்கினார்.

"யாரும்மா நீ?"

"இந்த ஆத்துல தண்ணி மட்டம் பாக்குறது என் வேலைங்கய்யா. மேக்க ராத்திரி பூரா நல்ல மழை. அங்கன பாலத்துல கருவி மாட்டியிருக்கோம். தண்ணி ஏற ஏற, அளவு எங்க செல்லுக்கு வந்துக்கிட்டே இருக்கும். இப்ப கிடுகிடுன்னு ஏறுது. செத்த நேரத்துல நீங்க நிக்கிற எடத்துக்கு வந்துரும்."

"இங்கன வெயில் பல்லக் காட்டுது. ஆத்துக்குள்ள ஆடு மேயுது. நீ என்னமோ வெள்ளம் வருதுங்கிற!"

"ஆடு மேயுதா? மேய்க்கிறவுகளயும் மேல ஏறச் சொல்லுங்கய்யா. நீங்க பைபாஸ் வழியா சுத்திப் போயிருங்க. அந்தப் பாலம் ஒசரம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருவன் பைக்கில் தரைப்பாலத்தைக் கடந்து அக்கரை ஏறிப் போனான்.

"அந்தா, ஒருத்தன் சிட்டாப் பறந்து போறான்! சுத்திப் போனா முகூர்த்தம் தப்பிரும்மா. தாலி எங்கிட்ட இருக்கு, தெரியுமா? அங்கன ஒரு பொண்ணு மாலையும் கழுத்துமா காத்துக்கிட்டு இருக்கும். அது வயித்தெரிச்சல நீயா வாங்கிக்கிருவ?"

மறுமுனையில் வளையல்கள் குலுங்கின.

"இந்த முகூர்த்தம் போனா இன்னொன்னு வருங்கய்யா. வண்டியில பிள்ளைக இருக்காகளா?"

சேதுபதி திரும்பிப் பார்த்தார். அக்காவின் பேத்தி பட்டுப்பாவாடையை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள்.

"இருக்குதுக" என்றார் குரல் இறங்கி.

"அப்ப பொறுங்கய்யா. தண்ணி வரலேன்னா நாளைக்கு ஆபீஸுக்கே வந்து என்னை எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க."

சேதுபதி இறங்கினார். வேண்டா வெறுப்பாகக் கரையில் நின்று, "ஏ ஆத்தா! ஆட்ட மேல ஓட்டு! தண்ணி வருதாம்!" என்று கூவினார். ஆடு மேய்த்த பெண் வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். இருந்தாலும் ஆடுகளைக் கரையேற்றினாள்.

கடைசி ஆடு ஏறியது. மேற்கிலிருந்து லாரிகள் வரிசையாக வருவதுபோல் ஓர் இரைச்சல் கேட்டது. கருவேல முள்ளையும் நுரையையும் உருட்டிக்கொண்டு செந்தண்ணீர் வளைவு திரும்பியது. வேனிலிருந்த பெண்கள் அலறினார்கள். கண்ணெதிரே தரைப்பாலம் கைப்பிடிக் கல்வரை முங்கிப்போயிற்று.

பாக்கர் பாலம் இருந்த இடத்தைக் காட்டினான். "அண்ணே... நாம இந்நேரம்..."

"பேசாத. பைபாஸுக்குத் திருப்பு" என்றார் சேதுபதி. தாலிப்பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

முகூர்த்தம் முடிய இருந்த நேரத்தில் மண்டபத்துக்குள் ஓடினார்கள். மூச்சு வாங்க அவர் நீட்டிய தாலியை ஐயர் வாங்கி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது.

மேளம் ஓய்ந்ததும் சேதுபதி மைக்கைப் பிடித்துவிட்டார். நடந்தது அத்தனையும் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கியது.

"எங்க வண்டியில வந்த அத்தன உசுரும் அந்த ஆபீஸர் அம்மா குடுத்தது. நான் எப்படியெல்லாமோ பேசினேன். அந்த அம்மா அசையல. நம்ம சீமையில இப்படி ஒரு பொம்பளப் பிள்ள இருக்குன்னு நெனச்சாலே நெஞ்சு நிமிருது. அவுகளக் கையோட கூட்டியாந்து, இந்த மேடையில மால போட்டாத்தான் நான் பந்தியில உக்காருவேன். ஏலே பாக்கர், அந்த நம்பரப் போடு!"

பாக்கர் போட்டான்.

மணவறையில் போன் அடித்தது.

மணப்பெண்ணின் தோழி யுவராணி தன் கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரித்தாள். "தலை பின்ன விடாம காலையில இருந்து இதையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. தாலி வண்டி அந்தப் பாலத்து வழியா வருதுன்னதும் மாப்பிள்ள வீட்டுல டிரைவர் நம்பர வாங்கிட்டா" என்றபடி, புதுத்தாலியோடு உட்கார்ந்திருந்த சத்யப்பிரியாவிடம் அதை நீட்டினாள்.

"கல்யாணப் பொண்ணு பேசுறேன்னு சொல்லியிருந்தா வண்டிய நிறுத்தியிருப்பீகளா, சித்தப்பா?" என்று மெல்ல முறை வைத்துக் கேட்டாள் சத்யப்பிரியா.

"நிறுத்தியிருக்க மாட்டேன் தாயி" என்ற சேதுபதி, மைக் இருப்பதையும் மறந்து மண்டபம் அதிரக் கத்தினார்: "ஆபீஸர் வேற யாருமில்ல, எம் மகதான்!"