எங்கே நிற்குமென்று தெரியாது

மகனுக்குப் பெண் கேட்டு, துணுக்காயிலிருந்து நெடுங்கேணிக்கு வீரகத்தியின் வீட்டுக்கு வந்திருந்தார் மயில்வாகனம். பெண் கமலாசனி அறைக்குள் தங்கையிடம் பேசுவது விறாந்தைக்குக் கேட்டது.

“எந்த நேரம் எங்க நிக்கும் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. நிக்கக்கூடிய இடத்தைத்தான் சொல்லலாம். கொஞ்சம் சக்தி ஏறினால் மேல பாயும். பிறகு தானாக் கீழ விழும்.”

மயில்வாகனத்தின் முகம் கறுத்தது.

“வீரகத்தியர், மறைக்க வேணுமெண்டு நினைக்கேல்லை. பெடியன் கள்ளுக்கொட்டில், சீட்டாட்டம் எண்டு திரியிறான்தான். கலியாணம் கட்டினால் திருந்துவான் எண்டு பாத்தம்.”

வீரகத்தி திடுக்கிட்டு எழுந்து அறைக் கதவைத் திறந்தார்.

“பிள்ளை, மாப்பிள்ளையின்ர குணம் உனக்கு ஆர் சொன்னது?”

“மாப்பிள்ளையோ? தங்கச்சிக்கு நாளைக்குச் சோதினை ஐயா. அணுவுக்குள்ள கருவைச் சுத்தித் திரியிற இலத்திரன் எப்பிடி இருக்கும் எண்டு சொல்லிக் குடுக்கிறன்.”