குப்பைக்கு வந்த கிராக்கி

குப்பை வார வந்த பிள்ளைகள் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதுவும் திருட்டுத்தனமாக இல்லை. என்.எஸ்.எஸ். தொப்பி, மார்பில் பேட்ஜ் எல்லாம் மாட்டிக்கொண்டு, பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்தில், பட்டப்பகலில்!

மீன் விற்கும் ஜெசிந்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா நைனா இது? வார்றதுக்கு வந்தீங்களா, கொட்றதுக்கு வந்தீங்களா?"

மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜைத், டீம் லீடர் மஹதியைத் திரும்பிப் பார்த்தான். எந்தத் திட்டு வந்தாலும் லீடர் பக்கம் தள்ளிவிடுவதில் பையன் கெட்டிக்காரன்.

மஹதி அவசரமாக முன்னால் வந்தாள். "அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இதுக்கெல்லாம் காரணமே நீங்கதான்."

"நானா!"

பின்னே யாராம்? நேற்றுச் சாயங்காலம் மஹதி குப்பத்துக்கு வந்து, "நாளைக்குக் காலேஜ்லேருந்து நாங்க எல்லாரும் வர்றோம்க்கா, இங்க சுத்தம் பண்ணப்போறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போனதுதான் தாமதம், ஜெசிந்தா தெருப் பெண்களையெல்லாம் திரட்டிவிட்டாள். வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள் என்றால் போட்டது போட்டபடியா விட்டுவைப்பார்கள்? விளக்குமாறும் கையுமாக இறங்கி, ஒரு மீன் செதில்கூட மிச்சமில்லாமல் அலசித் தள்ளிவிட்டார்கள்.

காலையில் பட்டாளம் வந்து பார்த்தால், பெருக்குவதற்கு ஒரு பீடித்துண்டு இல்லை!

என்.எஸ்.எஸ். அதிகாரி வெங்கடரமணன் சார் வேறு வந்துகொண்டிருந்தார். டெல்லியில் நடக்கும் குடியரசு தின அணிவகுப்புக்கு ஆள் பொறுக்குகிறவர் அவர்தான். டீம் லீடர் எப்படி வேலை வாங்குகிறாள் என்று நேரில் பார்த்துத்தான் பேர் எழுதுவாராம். காலேஜில் கால் வைத்த நாளிலிருந்தே மஹதிக்கு டெல்லிக் கனவு. வேலையே இல்லாத இடத்தில் அவள் என்னத்தை வேலை வாங்குவாள்?

லீடர் என்றால் யோசிக்க வேண்டும், திட்டம் போட வேண்டும், வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மஹதி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். முதல் காரியமாக, மயிலாப்பூரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நம்ம அபார்ட்மென்ட்டுக்குக் குப்பை வண்டி வந்துடுத்தா?"

"இன்னும் வரலையே. ஏண்டி?"

"வந்தா கொடுத்துடாதே! ஜைத் வரான். எல்லா ஆத்துக் குப்பையும் வாங்கி அவன்கிட்ட கொடுத்துடு."

"ஏண்டி, காலேஜ்ல சேர்த்தது இதுக்குத்தானா?" என்று அம்மா அங்கலாய்ப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ஜைத் ஸ்கூட்டரில் நாலு நடை போய் வந்து மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். மஹதி ஓடியாடி வேலை வாங்கினாள். "நீ அந்தப் படகுகிட்ட கொட்டு. நீ கொஞ்சம் கலைச்சு விடு. ஏய், குப்பையை யாராவது வரிசையா அடுக்குவாங்களா? இயற்கையா இருக்கணும்!"

அந்த அழகைத்தான் ஜெசிந்தா இப்போது பார்த்துவிட்டாள். மஹதி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அட என் கண்ணு! டெல்லிக்குப் போறதுக்கு இம்மாங் குப்பை வோணும்னு நேத்தே சொல்லக் கூடாதா? பெருக்காம வெச்சிருப்போமே!"

அதற்குள் சாரின் கார் வந்து நின்றது. பிள்ளைகள் பாய்ந்து விளக்குமாற்றைப் பிடித்தார்கள். இறங்கிய சார் குப்பையைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. அப்படி நின்று ஒரு போட்டோ, இப்படி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் குப்பத்துப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்லையாம்மா? குடியிருக்கிற இடத்தை இப்படியா நாறடிச்சு வெப்பீங்க? படிக்கிற பிள்ளைங்க வந்து உங்க குப்பையை அள்ளணுமா?"

மஹதிக்குச் சுருக்கென்றது. பெண்களில் ஒருத்தி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டுச் சாரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தப்புதான் சார். எங்களுக்கு இன்னா தெரியும்? இந்தப் பொண்ணு வந்து சொல்லித்தான் புத்தி வந்துச்சு. தங்கமான பொண்ணு சார். நீங்க பாத்து டெல்லிக்கு அனுப்பி வுடுங்க."

மஹதி ஜெசிந்தாவின் கையைப் பார்த்தாள். தெருவை அலம்பி விட்ட கை, தனக்காக இவர் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறதே! டெல்லியாவது, மண்ணாங்கட்டியாவது!

"சார், அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. அவங்க நேத்தே எல்லாத்தையும் பெருக்கிட்டாங்க. இது மயிலாப்பூர்க் குப்பை சார். எங்காத்துலேருந்து நான்தான் கொண்டுவரச் சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்கோ."

ஜெசிந்தா, 'கெடுத்தியே குடியை' என்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டாள்.

சார் மஹதியைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். போச்சு, டெல்லியும் போச்சு, லீடர் பதவியும் போச்சு என்று அவளே பேட்ஜைக் கழற்றத் தயாரானாள். ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

"மீன் குப்பத்துல ஏதும்மா தர்ப்பையும் ஃபில்டர் காபிப்பொடி கவரும்? பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் சார்.

"தெரிஞ்சுமா சார் அவங்களைத் திட்டினீங்க?"

சார் ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"அதை விடும்மா. டெல்லிக்கு உன் பேரை எழுதியாச்சு. நீ அந்தக் குப்பையை மட்டும் சிந்தாமக் கட்டி என் கார் டிக்கில வெச்சிடு. அடுத்த கேம்ப் சைதாப்பேட்டையில. அங்கே பெருக்கிக் கோலமே போட்டு வெச்சுட்டாங்களாம்!"